சகுரா மரத்தடியில் கட்டுச்சோறு: டோக்கியோ ஹனாமி பற்றி நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வரும் வாட்ஸப் செய்திகளில் பாதி ஒரே ரகம்தான், எல்லாம் சகுரா என்ற செர்ரிப் பூவைப் பற்றி. "பூத்துடுச்சா?", "எங்க போகலாம்?", "ரொம்பக் குளிருமா?" டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கும் தமிழ் நண்பர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் என்று ஆண்டுதோறும் கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். டோக்கியோவை மனத்தில் வைத்து எழுதியது. கியோத்தோ, ஒசாகா போகிறவர்களுக்கு நாள் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும். குளிர் என்னவோ அங்கேயும் அதேதான்.

ஹனாமி என்றால் பூப் பார்ப்பது மட்டும்தானா?

சொல்லுக்குப் பொருள் அதுதான். ஹனா என்றால் பூ, மி என்றால் பார்த்தல். ஆனால் நடப்பது வேறு. மரத்தடியில் விரிப்பைப் போட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாலு மணி நேரம் சாப்பிட்டுக்கொண்டும் அரட்டை அடித்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பது. பூ அதுபாட்டுக்குத் தலைக்கு மேலே இருக்கும். 'பூவை விட டாங்கோ மேல்' என்று ஜப்பானியர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்ளும் பழமொழி ஒன்று உண்டு. டாங்கோ என்பது அரிசிமாவு உருண்டை. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

பழக்கம் மிகப் பழையது. 812ஆம் ஆண்டு சாகா பேரரசர் கியோத்தோவில் பூ விருந்து நடத்தியதாகக் குறிப்பு இருக்கிறது. அதற்கு முந்தைய நாரா காலத்தில் சீனாவிலிருந்து வந்த உமே என்ற பிளம் வகை மரத்தின் பூவுக்குத்தான் மவுசு. சகுரா பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது. 1598இல் போர்ப் பிரபு தொயோதோமி ஹிதெயோஷி கியோத்தோவின் தாய்கோ-ஜி கோயிலில் நடத்திய ஹனாமியை இன்றைக்கும் பேசுவார்கள். அதுவரை இது அரண்மனைக்காரர்கள், போர்ப் பிரபுக்கள் விவகாரம். சாதாரண ஜனம் கூட்டம் கூட்டமாக மரத்தடிக்கு வந்தது எடோ காலத்தில், அதாவது ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளர்கள் ஆண்ட 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில். டோக்கியோவின் உவேனோவில் அப்போது இருந்தது ஷோகுன் குடும்பத்துக் கோயில். பூவைப் பார்க்கலாம், குடித்துக் கும்மாளம் போடக் கூடாது. எட்டாவது ஷோகுன் தொகுகாவா யோஷிமுனே 1720 வாக்கில் அசுகாயாமா குன்றில் சகுரா மரங்களை நட வைத்து, அங்கே ஊர் ஜனம் சாப்பிடலாம், குடிக்கலாம், ஆடலாம் என்று விட்டார். ஓஜி ரயில் நிலையத்தை ஒட்டி அந்தக் குன்று இன்றும் பூங்காவாக இருக்கிறது. நாம் விரிப்போடு போய் உட்காருவது அந்த வழியில் வந்ததுதான்.

எந்த நாளில் போனால் பூ நன்றாக இருக்கும்?

இதற்கு மட்டும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. 1991 முதல் 2020 வரையான சராசரிப்படி டோக்கியோவில் மலர்ச்சி மார்ச் 24, முழு மலர்ச்சி மார்ச் 31. ஆனால் 2020, 2021, 2023 மூன்று ஆண்டுகளிலும் மார்ச் 14ஆம் தேதியே பூத்துவிட்டது. 2024இல் மார்ச் 29 வரை காக்க வைத்தது. விமான டிக்கெட்டை ஆறு மாதத்துக்கு முன்பே எடுப்பவர்கள் மார்ச் கடைசி வாரத்தையும் ஏப்ரல் முதல் வாரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நல்லது.

மலர்ச்சியை எப்படி அறிவிக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை. டோக்கியோவுக்கான அடையாள மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. வானிலை மையத்து அதிகாரி ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துப் பூக்களை எண்ணுவார். ஐந்தாறு பூ மலர்ந்திருந்தால் 'மலர்ந்தது' என்று அறிவிப்பார். சுற்றிலும் தொலைக்காட்சிக் காமிராக்கள், கைதட்டல். நாலு பூ இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போய்விடுவார், கூட்டம் ஏமாந்து கலையும். முழு மலர்ச்சி என்பது மொட்டுகளில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் விரிவது. முதல் அறிவிப்பிலிருந்து அதற்குச் சுமாராக ஒரு வாரம், அதன்பின் உதிர்ந்து முடிய இன்னொரு வாரம். இந்த இரண்டாவது வாரத்தின் முதல் மூன்று நாலு நாட்கள்தான் நமக்கு வேண்டியவை.

முன்கணிப்பை இப்போது தனியார் வானிலை நிறுவனங்கள்தான் வெளியிடுகின்றன. அரசு வானிலை மையம் 2010இலிருந்து அந்த வேலையை விட்டுவிட்டது. வீட்டிலேயே கணக்குப் போட ஒரு நாட்டுவழி உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். 600 டிகிரியைத் தொடும் வாக்கில் டோக்கியோவில் பூக்கும். எங்கள் குழுவில் ஒரு நண்பர் ஆண்டுதோறும் எக்செல்லில் இதைப் போடுகிறார். ஒன்றிரண்டு நாள் பிசகும். ஆனால் அவர் முகத்தில் ஜோசியக்காரர் களை வந்துவிடும்.

பூத்த பிறகும் ஏன் இப்படிக் குளிர்கிறது? படங்களில் எல்லாரும் வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கிறார்களே?

படம் எடுத்தது அரை நிமிடம். மற்ற நேரம் அவர்களும் கையைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

டோக்கியோவில் மார்ச் மாதச் சராசரி உச்ச வெப்பம் 14 டிகிரி, குறைந்தது 5. ஏப்ரலில் அது 19, 10 என்று ஏறும். ஹனாமி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, வசந்தத்தில் உயர் அழுத்தமும் தாழ்வும் மாறி மாறி நகர்ந்து வருவதால் வானிலை மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை புரண்டு படுக்கும். நேற்று 20 டிகிரி, இன்று 10 என்பது சாதாரணம். பூக்கும் நேரத்தில் திரும்பி வரும் இந்தக் குளிருக்கென்றே ஜப்பானிய மொழியில் ஹனாபியே என்று ஒரு சொல் இருக்கிறது. பூக்குளிர் என்று சொல்லலாம். அந்த நாட்களில் வானம் வெளிறி மூடிக்கிடப்பதற்கு ஹனாகுமோரி, அதாவது பூ மூட்டம். பெயர் வைக்கும் அளவுக்கு ஆண்டுதோறும் வருகிறது என்றால் எதிர்பார்த்தே போக வேண்டும்.

இன்னொரு விஷயம். குளிர் இல்லாமல் இந்தப் பூவே இல்லை. கோடையில் உருவாகும் மொட்டு இலையுதிர் காலத்தில் உறங்கிவிடும். குளிர்காலக் கடுங்குளிர் சில வாரம் அடித்தால்தான் அந்த உறக்கம் கலையும். அதன் பிறகு வரும் வெப்பத்தில்தான் மொட்டு வளரும். மலர்ந்த பின்பும் குளிர் நீடித்தால் பூ சீக்கிரம் உதிராது. வெயிலடித்து 22 டிகிரிக்குப் போகும் வாரத்தில் பூ அவசரமாக முடிந்துவிடும்.

அப்படியானால் என்ன உடுத்திக்கொண்டு போவது?

எல்லாரும் மேலே எதைப் போடுவது என்றே யோசிக்கிறார்கள். ஹனாமியில் குளிர் கீழேயிருந்துதான் வரும்.

எங்கள் முதல் ஹனாமியில் இதைத் தெரிந்துகொண்டோம். யோயோகி பூங்கா, பத்துப் பேர், ஒரே ஒரு நீலத் தார்ப்பாய். எல்லாரும் தடித்த கோட்டு, மஃப்ளர் சகிதம்தான் போனோம். பதினொரு மணிக்கு வெயில் இருந்தது, ஊட்டிக்கு வந்த மாதிரி ஒரே உற்சாகம். ஒரு மணிக்கு மேகம் மூடியது. ஈரமண்ணின் சில்லிப்பு மெல்லிய பிளாஸ்டிக் வழியாக ஏறி, இரண்டரை மணிக்கு ஒருவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்று சாப்பிட ஆரம்பித்தோம். கல்யாண வீட்டுப் பஃபே மாதிரி ஆகிவிட்டது. மூன்று மணிக்கு மூட்டை கட்டிவிட்டோம். பக்கத்து விரிப்பில் அறுபது வயதுப் பாட்டிமார் ஐந்து பேர் அசையாமல் உட்கார்ந்து இருட்டும் வரை சிரித்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த அடுக்கைப் பார்த்தாலே தெரிந்தது. தரையில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகள், அதன்மேல் வெள்ளிப்பூச்சு உள்ள நுரைப் பாய், அதன்மேல் விரிப்பு, அதன்மேல் ஆளுக்கொரு திண்டு, மடியில் கம்பளி.

அன்றிலிருந்து நாங்களும் அப்படித்தான். சூப்பர் மார்க்கெட்டில் காலி அட்டைப்பெட்டி சும்மாவே கிடைக்கும். வெள்ளி நுரைப் பாயும் விரிப்பும் நூறு யென் கடைகளில் இருக்கும். செருப்பைக் கழற்றி உட்காருவதால் காலுறை முக்கியம்: கம்பளிக் காலுறை ஒன்று, முடிந்தால் அதற்குள்ளே மெல்லியது ஒன்று. ஓட்டைக் காலுறையை அன்று போடாதீர்கள், எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

அப்புறம் கைரோ என்ற சூட்டுப் பொட்டலம். உள்ளே இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருவேறும்போது வரும் சூடுதான் அது. மருந்துக்கடையிலும் கொன்பினி என்ற தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். பல மணி நேரம் தாங்கும். கையில் பிடிப்பதை விட ஒட்டும் வகையே இங்கே உதவும்: உள்சட்டைக்கு மேலே இடுப்பின் பின்பக்கம் ஒன்று. தோலில் நேரே ஒட்டக் கூடாது. சூடு மிதமாகத்தான் தெரியும், ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் தோல் வெந்து கொப்புளம் வந்துவிடும். மார்ச் நடுவிலேயே கடைகள் குளிர்காலச் சாமான்களை ஓரங்கட்ட ஆரம்பித்துவிடும். பிப்ரவரியிலேயே ஒரு கட்டு வாங்கி வையுங்கள்.

புடவை கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக. உள்ளே வெப்பம் காக்கும் முழுக்கால் உள்ளாடை, முழுக்கை பனியன். பட்டுப் புடவையோடு ஈர மண்ணில் உட்கார்ந்து எழுவதை மட்டும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

எங்கே உட்காரலாம்?

முதலில், எங்கே உட்கார முடியாது என்று சொல்லிவிடுகிறேன். படங்களில் அதிகம் வரும் மெகுரோ ஆறும் சிதோரிகாஃபுச்சி அகழியும் நடந்து பார்க்கிற இடங்கள். விரிப்பு போட வழியில்லை. சிதோரிகாஃபுச்சியில் படகு உண்டு, வரிசையும் உண்டு.

உவேனோ பழம்பெரும் இடம், 1873இல் பூங்காவானது. திருவிழாக் கூட்டம், பாதையோரத்தில் விரிப்போடு விரிப்பு இடிக்க உட்கார வேண்டும். ஒரு முறை பார்க்க வேண்டியதுதான். நண்பர்களோடு நிதானமாகப் பேச உகந்த இடமில்லை. யோயோகி பரந்த புல்வெளி, பிந்திப் போனாலும் மூலையில் இடம் கிடைக்கும், ஆனால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. கிச்சிஜோஜியில் உள்ள இனோகாஷிரா பூங்காவில் மரங்கள் குளத்தின் மேல் சாய்ந்து நிற்கும். உதிரும் காலத்தில் குளமே வெளிர் சிவப்பாகிவிடும். அங்கே படகு ஓட்டும் காதல் ஜோடிகள் பிரிந்துவிடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. குளக்கரைக் கோயிலில் இருக்கும் பென்தென் தேவிக்குப் பொறாமையாம். இந்தத் தேவி வேறு யாருமல்ல, நம் சரஸ்வதி. கடல் கடந்து வந்து குணம் மாறிவிட்டாள் போலிருக்கிறது.

குழந்தைகள், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஷின்ஜுகு க்யோஎன். கட்டணம் 500 யென். மது கூடாது, வாசலிலேயே பையைப் பார்ப்பார்கள். அதனாலேயே சத்தம் குறைவு. மாலை 6 மணிக்குள் மூடிவிடுவார்கள், கூட்டம் மிகும் நாட்களுக்கு முன்பதிவு கேட்பதும் உண்டு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பல வகை மரங்கள் இருப்பதால் ஒன்று முடிந்தாலும் இன்னொன்று பூத்திருக்கும்.

நிஷி-கசாய்க்காரர்கள் ரயிலே ஏற வேண்டாம். சைக்கிளை மிதித்தால் ஷின்காவா ஓடை வந்துவிடும். இரு கரையிலும் சகுரா வரிசை, நடுவில் மரப்பாலங்கள். பந்தியாக உட்கார வசதி குறைவு, மாலை நடைக்கு அருமை.

இடம் பிடிக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வார இறுதியில் பெயர் பெற்ற பூங்கா என்றால் காலை 8 மணிக்கு ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். பாஷோ-தோரி என்ற இந்த வேலை அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் தலையில் விழுவது வழக்கம். ஆளில்லாமல் வெறும் விரிப்பைப் போட்டுவிட்டுப் போனால் பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். பத்துப் பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிடியுங்கள். மரத்தின் தூரை ஒட்டி உட்காராதீர்கள். சகுராவின் வேர் மேலாகவே ஓடும், மண் மிதிபட்டு இறுகினால் மரம் வாடும்.

முன்னால் போய்க் காவல் காக்கிறவருக்குக் குழுவிலேயே சூடான முதல் டீ. எங்களிடம் இது சட்டம்.

என்ன சாப்பாடு கொண்டு போகலாம்?

கட்டுச்சோறு என்றதும் கை தானாக எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம் பக்கம் போகும். முதல் இரண்டும் சரி. தயிர் சாதத்தை விட்டுவிடுங்கள். 10 டிகிரியில் அதை வாயில் வைத்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

குளிரில் எண்ணெய் உறையும் என்பதைச் சமைக்கும்போதே நினைக்க வேண்டும். நெய்யும் தேங்காய் எண்ணெயும் வெள்ளையாகக் கட்டி நிற்கும். நெய் சொட்டும் வெண்பொங்கலைச் சாதாரண டப்பாவில் கொண்டு போனால் அது செங்கல். நல்லெண்ணெய் உறையாது. அதனால் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய மினி இட்லியும் இந்தக் குளிருக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். பொங்கல் வேண்டும் என்றால் வாயகன்ற வெப்பக்குடுவையில் கொண்டு போங்கள். குடுவையில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, பிறகு பொங்கலைப் போட்டால் மதியம் வரை ஆவி பறக்கும்.

என் ஒரே பிடிவாதம் ரசம். மிளகு தூக்கலாக வைத்து, ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் இரண்டு. காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் குளிரில் விறைத்த கைக்கும் சூடு, தொண்டைக்கும் சூடு. ஒரு முறை பக்கத்து விரிப்புத் தாத்தா என்ன என்று கேட்டார். ஒரு கோப்பை கொடுத்தோம். இருமினார், சிரித்தார், இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டினார். பதிலுக்கு மூன்று நிற டாங்கோ வந்தது.

ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்துப் பேரும் எலுமிச்சை சாதம் கொண்டு வருவார்கள், நடந்திருக்கிறது. குழம்பு வகை வேண்டாம். அடுப்பு மூட்ட ஏறத்தாழ எல்லாப் பூங்காவிலும் தடை. வடையைத் திறந்து வைத்துவிட்டு மேலே பார்க்காதீர்கள். டோக்கியோ காக்கை நம்மூர்க் காக்கையை விடப் பெரியது, துணிச்சலும் அதிகம்.

சமைக்க நேரமில்லை, நான் சைவம். கடையில் என்ன வாங்கலாம்?

மூன்று நிற ஹனாமி டாங்கோ கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்: அரிசிமாவு, சர்க்கரை. சகுராமோச்சியும் அப்படியே. டோக்கியோ பக்கத்தில் மெல்லிய தோசை மாதிரி ஒன்றில் இனிப்பு அவரைப் பூரணத்தைச் சுருட்டியிருப்பார்கள். கியோத்தோ பக்கத்தில் குருணை தெரியும் ஒட்டரிசிக் கொழுக்கட்டை. இரண்டையும் சுற்றி உப்பில் ஊறிய சகுரா இலை. இலையையும் சாப்பிடலாம், 'சகுரா வாசனை' என்று எல்லாவற்றிலும் போட்டு விற்பது இந்த ஊறிய இலையின் மணத்தைத்தான். மரத்தில் இருக்கும் பூவை முகர்ந்தால் ஏறக்குறைய ஒன்றும் வராது.

ஒனிகிரி என்ற சோற்று உருண்டையில் கடற்பாசி, உமெபோஷி (உமேக்காய் ஊறுகாய்) வகைகள் பார்வைக்குச் சைவம். ஆனால் மீன் சாறு சேர்ந்திருக்கலாம், பின்னால் உள்ள பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பார்த்துவிடுங்கள். டோஃபுப் பைக்குள் சோறு வைத்த இனாரிசூஷி பார்க்கச் சாதுவாக இருக்கும்; அந்த டோஃபுப் பையை வேகவைக்கும் சாறு பெரும்பாலும் மீனில் எடுத்தது.

மது குடித்தே ஆக வேண்டுமா? அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இல்லை. எல்லாரும் கோப்பையை உயர்த்திக் காம்பாய் சொல்லும்போது கையில் ஏதாவது ஒரு கோப்பை இருந்தால் போதும். டீ, ஜூஸ் எதுவும் சரி. யாரும் வற்புறுத்துவது இப்போது குறைந்துவிட்டது. குடிப்பவர்களுக்கு: வயது 20 ஆகியிருக்க வேண்டும், குளிரில் மது சூடேற்றுவது போலத் தோன்றினாலும் தோல் வழியாக உடல் வெப்பத்தை வெளியே விடத்தான் செய்யும். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உட்காருபவரைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டும்.

சைவம் என்பதை அழைப்பு வந்த அன்றே சொல்லிவிடுங்கள். கையோடு சின்ன முறுக்கு ஒரு பை கொண்டு போங்கள், அதுவே பேச்சுக்கு வழி செய்யும். இந்த நாட்டில் ஏப்ரல் 1தான் அலுவலக ஆண்டின் தொடக்கம். பள்ளியும் அப்போதுதான் திறக்கும். அதனால் உங்கள் விரிப்பில் இடம் மாறிப் போகிறவர் ஒருவரும் புதிதாக வந்தவர் ஒருவரும் இருப்பார்கள். புதிதாக வந்தவர் நீங்களாகவும் இருக்கலாம். சாப்பாட்டை விட அந்தப் பேச்சுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு விடைபெற்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தலையில் ஒரு கொத்து வைத்துக்கொள்ளலாமா?

ஊரிலிருந்து வரும் அம்மாக்கள் அத்தனை பேரும் கேட்கும் கேள்வி. இவ்வளவு பூ இருக்கும்போது கை சும்மா இருக்குமா? ஆனால் பறிக்கக் கூடாது, கிளையை வளைக்கக் கூடாது, படத்துக்காக உலுக்கவும் கூடாது. சகுரா மரம் வெட்டுக்காயம் தாங்காது, அந்த இடம் அழுகிப்போகும். 'சகுராவை வெட்டுபவன் முட்டாள், உமேயை வெட்டாதவன் முட்டாள்' என்று பழமொழியே இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. சிட்டுக்குருவிக்குத் தேன் உறிஞ்ச நீள மூக்குக் கிடையாது. அதனால் பூவின் அடியைக் கடித்துத் தேனைக் குடித்துவிட்டு முழுப் பூவாகக் கீழே போடும். இதழ் இதழாக உதிராமல் ஐந்து இதழோடு கிடக்கும் பூ எல்லாம் குருவி போட்டது. அதைப் பொறுக்கி ஹேர்பின்னில் செருகிக்கொள்ளுங்கள். ஆட்சேபணை இல்லை.

இந்த மரத்தில் செர்ரிப் பழம் காய்க்குமா?

நீங்கள் நினைக்கும் பழம் காய்க்காது. கடையில் விற்பது வேறு இன மரத்தின் பழம், யாமாகாதா பக்கத்தில் அதிகம் பயிராகிறது. பூங்காக்களில் நீங்கள் பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்ற வகை. எடோ காலத்தின் கடைசியில், இன்றைய கொமகோமே பக்கத்தில் இருந்த சோமெய் என்ற தோட்டக்காரர் கிராமத்திலிருந்து பரவியது. எல்லாம் ஒட்டுக்கட்டி வளர்த்தவை; அதாவது நாடு முழுக்க இருப்பது ஒரே மரத்தின் நகல்கள். ஒரு தெருவில் இருக்கும் நூறு மரமும் ஒரே நாளில் பூத்து ஒரே வாரத்தில் கொட்டுவதற்குக் காரணம் அதுதான். தன் மகரந்தத்தால் தானே காய்க்காத வகை என்பதால் நகலும் நகலும் சேர்ந்து காய் பிடிக்காது. வேறு வகை மரம் அருகில் இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கறுப்புக் காய் தெரியும். கசக்கும்.

மரத்தடியில் உட்கார்ந்ததும் தும்மல் வருகிறதே, பூ ஒவ்வாமையா?

சகுரா மேல் பழி போடாதீர்கள். அதே வாரங்களில் காற்றில் பறப்பது சுகி (ஜப்பானிய சீடர்), ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரங்களின் மகரந்தம். டோக்கியோவில் பாதிப் பேர் முகக்கவசத்தோடு அலைவதைப் பார்க்கிறீர்களே, அதற்காகத்தான். ஊரிலிருந்து வந்த முதல் ஓரிரு ஆண்டு ஒன்றும் தெரியாமல் இருந்து, சிலருக்குப் பிறகு பிடித்துக்கொள்ளும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை, குப்பை?

கழிப்பறை வரிசை நீளம், பெண்கள் பக்கம் இன்னும் நீளம். குளிரும் டீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். அவசரம் வரும் முன்பே போய் நில்லுங்கள். குப்பையை வீட்டுக்கே எடுத்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மூன்று பைகள்: எரிகிற குப்பை, பெட் பாட்டில், கேன். ஒலிபெருக்கி கூடாது. வாயால் பாட்டுக்குப் பாட்டு விளையாடலாம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இரவில் இன்னும் அழகாக இருக்கும் என்கிறார்களே?

யோஸகுரா, இரவுச் சகுரா. விளக்கொளியில் பூ வெண்மையாக மிதக்கும், உண்மைதான். மார்ச் கடைசியில் சூரியன் 6 மணிக்கெல்லாம் மறைந்துவிடும், அடுத்த அரை மணியில் குளிர் சட்டென்று இறங்கும். இரவில் நடந்து பாருங்கள். உட்காருவது பகலில், 11 மணியிலிருந்து 3 மணி வரை.

சனிக்கிழமை 9 டிகிரி என்கிறது வானிலை. அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாமா?

மழை என்றால் தள்ளுங்கள். குளிர் மட்டும் என்றால் வேண்டாம். 2020 மார்ச் 14இல் டோக்கியோவில் மலர்ச்சி அறிவித்த அன்று பனி தூறியது. அதே மாதம் 29ஆம் தேதி, பூ நிறைந்திருந்த கிளைகளின் மேல் பனி படிந்தது. பூ தாங்கிக்கொண்டது. அது தாங்காதது வெயிலுக்குப் பின் வரும் காற்றும் மழையும்தான். பூவின் நடுப்பகுதி சிவந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள்தான் என்று அர்த்தம்.

தவறவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. அடுக்கடுக்காக இதழ் உள்ள யாஎஸகுரா ஏப்ரல் நடுவில் பூக்கும். வடக்கே ஹிரோசாகியில் ஏப்ரல் பிற்பகுதி, சப்போரோவில் மே தொடக்கம் வரை கிடைக்கும்.

நாங்களும் ஒரு முறை தள்ளிப்போட்டோம். சனிக்கிழமை குளிர், அடுத்த சனி இதமாக இருக்கும் என்று செயலி சொன்னது. சொன்னபடியே 22 டிகிரி. நடுவில் புதன்கிழமை ஒரு காற்றும் மழையும் வந்து போயிருந்தது. இளம்பச்சை இலைக்குக் கீழே விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். இடம் பிடிக்கச் சண்டையே இல்லை, சுற்றுவட்டாரத்தில் எங்களைத் தவிர ஆளே இல்லை. ரசம் இரண்டு ஃபிளாஸ்க்கும் அப்படியே இருக்க, எல்லாரும் குளிர்ந்த தண்ணீர் கேட்டார்கள். கைரோ பொட்டலங்கள் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தன.